அவனுக்குப் பிடித்தது

வாய்க்கட்டுத் துணியோடு குனிந்த சித்தப்பாவின் கையை மணிமொழி பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் இழுக்காத சித்தப்பா. புண்ணு இருக்குது."

"இனிமே அவனுக்கு வலிக்குமாம்மா?" என்றார் காமராஜ் சித்தப்பா. ஆனாலும் முடிச்சை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

எழிலனின் இடது கன்னத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் ஈரத்தில் பிரிந்திருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். மாதக்கணக்காகச் செய்த வேலை. விரல் தானாகப் போய்விட்டது.

அண்ணன் அன்று காலையில்தான் அடங்கியிருந்தான். அதற்குள் கமிட்டி ஆட்கள் வந்து வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். செஞ்சியில் கமிட்டி என்றால் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மூட்டை மூட்டையாக விலைக்கு வரும் விற்பனைக்கூடம். பத்தாவது முடித்ததிலிருந்து எழிலன் அங்கேதான் மூட்டை தூக்கினான். சாக்கு அடுக்குகளுக்கு நடுவே பீடி பற்றவைக்க விடமாட்டார்கள். அதனால் அங்கே வேலைக்குச் சேரும் பையன்கள் புகையிலையை உதட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பழகுவார்கள். விரல்நுனி அளவு துணிப்பை, ஒரு பொட்டலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இரண்டு கையும் மூட்டையில் இருந்தாலும் அது பாட்டுக்கு உள்ளே ஊறிக்கொண்டிருக்கும்.

எழிலன் அதை விட்டுவிட்டான். மணிமொழிக்கு அது நன்றாகத் தெரியும். விட்ட புதிதில் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்டவள் அவள். வெல்லமும் வறுத்த மல்லாட்டையும் காகிதத்தில் கட்டி, தினமும் அவன் சட்டைப்பையில் போட்டு அனுப்பியவளும் அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து சிலர் வந்து கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இளவயசுக்காரர்கள் புகையிலையை விடுவதற்கு என்ன உதவி செய்யலாம் என்று ஆராய்ச்சி நடத்தப்போகிறார்களாம். அதில் எதை முதலில் ஆராய்வது என்று அந்த வயசுக்காரர்களிடமே கேட்க வந்திருந்தார்கள். போனில் தினமும் செய்தி அனுப்பினால் பலன் இருக்குமா, பள்ளிக்கூடத்துப் பக்கம் கடைகளை மூடினால் போதுமா, மருந்து மிட்டாய் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார்கள். அண்ணனோடு போயிருந்த மணிமொழி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எங்க அண்ணன் உட்டுட்டாரு. வீட்டுல ஒருத்தர் கூட நின்னா போதும். மொதல்ல அத ஆராய்ச்சி பண்ணுங்க."

கைதட்டினார்கள். எழிலன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அரைநாள்தான் பர்மிஷன் கொடுத்திருந்தார்கள் என்பதால் அவள் கூட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் அவன் சோற்றை மெல்லாமல் விழுங்க ஆரம்பித்தான். கடவாய்ப் பல் என்றான். புகையிலைதான் இல்லையே, பல்லாகத்தான் இருக்கும் என்று அவள் கிராம்பு வாங்கி வந்தாள். தைலம் வாங்கி வந்தாள். கடைசியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"உட்டு ரொம்ப நாள் ஆவுது சார்."

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலையும் போட்டாயிற்று. சித்தப்பா நிமிர்ந்து நின்று எல்லாரையும் பொதுவாகப் பார்த்தார்.

"புள்ளைக்குப் புடிச்சது எதுனா இருந்தா எடுத்தாங்க. கூடவே வச்சி அனுப்பிடலாம்."

அவர்கள் வகையறாவில் அது வழக்கம். பெரியப்பாவோடு சீட்டுக்கட்டு போயிற்று.

"பரோட்டாதான் புடிக்கும். பார்சல் வாங்கியாரட்டா?" என்றார் கமிட்டி ஆள் ஒருவர்.

"ரெண்டு பரோட்டாவுக்கு நாலு தபா சால்னா கேப்பான்டா. இவனப் பாத்தாலே கடக்காரன் வாளிய ஒளிப்பான்," என்றார் இன்னொருவர். சிலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள்.

அவனுடைய ஹெட்போனை எடுக்கலாம் என்று மணிமொழி எழுந்தாள். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். வலது கையை மூடியிருந்தாள். எழிலனின் தலைமாட்டில் உட்கார்ந்து விரல்களைத் திறந்தாள். மேல்பக்கம் கிழித்து மடித்துவைத்த புகையிலைப் பொட்டலம்.

"இன்னாம்மா இது?"

அம்மா பொட்டலத்தின் மடிப்பை நீவிவிட்டாள்.

"யாருது?"

"அவந்துதான்."

"பழசா?"

"செவ்வாக்கெழம வாங்கியாந்தேன்."

மணிமொழி உட்கார்ந்துவிட்டாள். "ஒரு ஸ்பூனு உள்ள போவல அவன் வாயில. எப்பிடி வச்சான்?"

"வைக்கல. வச்சிக்க அங்க எடம் எங்கடி இருந்துச்சி? மோந்து பாத்தான். நீ கடைக்குப் போன பெறகு கேப்பான். மூக்காண்ட புடிச்சிக்கினே தூங்கிடுவான்."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா, கட்டில் ஓரமாக நின்ற நைனாவைப் பார்த்தாள்.

"நைனா, உனக்கும் தெரியுமா?"

"மாடியில பக்கத்துல படுக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றார் அவள் அப்பா அரிகிருஷ்ணன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எப்பத்திலருந்து?"

"அவன் முழுசா உட்டது ஒரு நாலஞ்சி மாசந்தான்," என்றாள் அம்மா. "அப்பறம் திரும்பிட்டான்."

"பல்லு வலின்னு கிராம்பு வாங்கியாந்தனே. அப்பக்கூடவா சொல்லல?"

வாசலில் பறையைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தினார்கள். புகை உள்ளே வந்தது.

"சத்தியம் வாங்கிட்டான்டி," என்றாள் அம்மா. "தங்கச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு என் தலையில கை வச்சான். நீயும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த. கடையில, பஸ்ஸுல, டாக்டராண்ட. நான் இன்னா பண்றது?"

மணிமொழி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடும்மா," என்றார் சித்தப்பா. "எமகண்டத்துக்கு முன்னாடி எடுக்கணும்."

"இது போவாது. இவனக் கொன்னதே இது. இதையே மாலை மரியாதையோட கூட அனுப்புவீங்களா?"

சித்தப்பா நைனாவைப் பார்த்தார். நைனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சேரன் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். எழிலனோடு ஒன்றாய்க் கமிட்டிக்கு வேலைக்குப் போனவன்.

"மணி, அவன் உங்கிட்ட சொல்லாம இருக்கணும்னு இல்ல. அன்னிக்கி மண்டபத்துல..."

"மண்டபத்துல இன்னா?"

"நீ கெளம்பினப்பறம் மைக்க அவங்கிட்ட குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டான். உட்டுட்டேன்னு வீட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்கும்போது மறுபடியும் ஆரம்பிச்சிட்டவன், அத யாராண்ட போயி சொல்றதுன்னு கேட்டான்."

மணிமொழி பொட்டலத்தின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"நல்ல கேள்வின்னாங்க. இதத்தான் மொதல்ல ஆராயணும்னு அந்த டாக்டரம்மா சொல்லிச்சி. அப்பறம் சாப்பாடு போட்டாங்க."

"நீ அங்கதான இருந்த. நீயும் எங்கிட்ட சொல்லல."

"சொல்லாதன்னான்."

அவன் பேசும்போது கீழுதடு ஒரு பக்கம் மேடிட்டிருப்பதை அவள் பார்த்தாள்.

"நீ உட்டுட்டியா சேரா?"

"நானா? எப்பவோ உட்டுட்டேன்," என்றான். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் எழுந்துபோய் வாசலில் இருந்த பாடையின் கால்மாட்டில் நின்றுகொண்டான். சித்தப்பா மறுபடியும் கையை நீட்டினார். மணிமொழி அவரிடம் கொடுக்கவில்லை. பொட்டலத்தை அம்மாவின் மடியில் போட்டாள்.

"நீயே வை."

அம்மா அதை எடுத்து, மாலையை விலக்கி, எழிலனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். விரல்கள் மூடவில்லை. தன் கையால் அவற்றை மூடிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பாடைக்குத் தூக்கும்போது சித்தப்பாதான் அவள் கையைப் பிரித்து எடுத்தார்.

பெண்கள் தெருமுனை வரைக்கும் போனார்கள். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஸ் நின்று வழிவிட்டது. தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது. பறைச் சத்தம் மலைப் பாறையில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து வந்த சத்தம் மட்டும் கேட்டது.

தோட்டத்துத் தொட்டியருகே அம்மாவை உட்காரவைத்தார்கள். மணிமொழி சொம்பில் மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். அம்மா இடது கையால் முகத்தை வழித்துக்கொண்டாள். வலது கையை மட்டும் தண்ணீர் படாமல் பக்கவாட்டில் தள்ளி வைத்திருந்தாள். மற்றவர்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா ஊத்துடி. கை காலெல்லாம் நனையட்டும்," என்றாள் பெரியம்மா.

"ஊத்தறேன்," என்றாள் மணிமொழி. அடுத்த சொம்பை வலது கையில் படாமல் இடது தோளில் ஊற்றினாள்.