வேலிக்கு அப்பாலிருந்து வந்த சீர்

எல்லைக்கு அப்பாலிருந்து வாரம் ஒருமுறை வரும் இரயில் எங்கள் ஊரில் நிற்பது சிக்னலுக்காகவே. அதிலிருந்து எவரும் இறங்கலாகாது. எனினும் ஜன்னலிலிருந்தும் கம்பிவேலியிலிருந்தும் கைகள் நீளும். காவலர்கள் அதைக் காணாதவர் போல் மணலை நோக்கி நிற்பர்.

அன்று சுகன் கன்வர் வேலியருகே காத்திருந்தாள். அடுத்த வாரம் அவள் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீர் வாராத பந்தலில் மணப்பெண்ணின் தாய்க்குத் தலைநிமிர்வு இல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள உமர்கோட்டிலிருந்து அண்ணன் ஹமீர் அதனைக் கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

இரயில் வந்து நின்றது. அவ்வேளையில் அவள் கணவன் ஜேத்து சிங், ஆய்வாளர் ஒருவருடன் அவ்வழியே வந்தான். அவனுக்குக் கிடைக்கவிருந்த இரயில்வே வேலைக்காக விசாரிக்க வந்தவர் அவர்; எல்லைக்கு அப்பால் உறவிருப்போருக்கு அவ்வேலை கிட்டாது. "அந்தப் பக்கம் என் பொண்டாட்டிக்குச் சொந்தம்னு யாரும் உசிரோட இல்லீங்க" என்று அன்று காலையில்தான் அவன் அவரிடம் கூறியிருந்தான்.

"அடியே சுகனீ!" ஜன்னலிலிருந்து மூட்டையை ஆட்டியவாறு ஹமீர் கூவினான். "என்னடி இப்படிக் கறுத்துட்ட! ஒட்டகம் மேய்க்கவா விட்டிருக்கான் உன் புருசன்?"

ஆய்வாளர் திரும்பினார். ஜேத்து சிங்கின் முகம் வெளிறியது.

சுகன் முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டாள். எங்கள் பெண்கள் மாமனாருக்கு முகம் மறைப்பர், அயலாருக்கு மறைப்பர். உடன்பிறந்தவனுக்கு மறைத்தவள் எவளுமில்லை.

ஹமீரின் சிரிப்பு நின்றது. அவன் முக்காட்டைப் பார்த்தான். அருகிலிருந்த ஆய்வாளரின் காக்கிச் சட்டையைப் பார்த்தான். பின்னர் பார்வையைத் தாழ்த்தினான்.

"மன்னிச்சுக்கங்க தாயி. என் தங்கச்சி சாயல்ல இருந்தீங்க. ஆள் மாறிப்போச்சு."

"யாருக்குய்யா அந்த மூட்டை?" என்றார் ஆய்வாளர்.

"தங்கச்சி மக கல்யாணத்துக்குங்க சாகேப். அவளை... காணோம். இல்லாதப்பட்டவங்க யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது குடுத்துடுங்க."

இரக்க குணமுடைய அந்த ஆய்வாளர் மூட்டையைத் தாமே வாங்கினார். "ஜேத்து, உன் வீட்லயும் கல்யாணம்னு சொன்னியே! உன் சம்சாரமே வச்சுக்கட்டும்."

"வாங்கிக்க" என்றான் ஜேத்து சிங், தரையைப் பார்த்தவாறு.

சுகன் இரு கைகளையும் ஏந்தினாள். இரயில் ஊதியது.

"குடுத்த மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார் ஆய்வாளர்.

"நல்லா இருங்க, ஐயா" என்றாள் சுகன். குரல் சிறிதும் நடுங்காமல் வந்தது. அதுவே அவளுக்கு உடலெங்கும் கூசியது.