ஊத்துக்காட்டைச் சுத்தம் பண்ணினவள்

தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் யாராவது வருகிறார்கள் என்றால் போதும், அதை நடத்துகிற தொரைமாருக்கு எங்கிருந்துதான் சுத்தத்தின் மேல் அவ்வளவு அக்கறை வருமோ! தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் வருசக்கணக்கில் ஒழுகுகிற கூரையை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து கார் வருகிறதென்றால் மட்டும் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பும் டிஸ்பென்சரிக்குப் புதுத் திரைச்சீலையும் ஒரே நாளில் வந்துவிடும். தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நாகலெட்சுமி இருபத்தைந்து வருசமாக இந்தக் கூத்துக்குக் கத்தி பிடித்தவள்.

ஆகவே, இரண்டாயிரத்து இரண்டாம் வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் செல்லசாமி கங்காணி பத்துப் பேரைப் பிரித்து ஊத்துக்காட்டுக்குப் போகச் சொன்னபோது அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

"வியாழக்கெழம ஆபீசருமாரு வர்றாங்க. பாசி, புதரு, ஒண்ணு இருக்கப்படாது. தொரையே சொல்லிட்டாரு."

ஊத்துக்காடு என்பது தேயிலை மலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட ஓடைப் பள்ளம். அங்கே ஊறுகிற தண்ணீர்தான் மூன்று லயத்துக்கும் குடிதண்ணீர். தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியோடு இறங்கினார்கள். நாகலெட்சுமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. இரண்டு நாளில் ஓடையின் இரு கரையையும் வழித்தெடுத்தாள். மரத்தில் மெத்தை மாதிரி படர்ந்திருந்த பாசியைச் சுரண்டியபோது மூக்கில் சின்னக் கொம்பு வைத்த ஓணான் ஒன்று கீழே விழுந்தது. ஓடக்கூடத் தெரியாத சோம்பேறி. "போடா அந்தப் பக்கம்" என்று குச்சியால் தூக்கிச் சரிவில் போட்டாள். அப்படி ஏழெட்டைப் போட்டிருப்பாள்.

வியாழக்கிழமை வந்தவர் குகநேசன் என்கிற யாழ்ப்பாணத்து ஆபீசர். சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழிகாட்ட நாகலெட்சுமியை அனுப்பினார்கள். கங்காணியும் பின்னால் வந்தார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் மனுசர் நின்றுவிட்டார். சுண்ணாம்பு பூசிய கற்கள் வெயிலில் பளபளத்தன.

"இதை ஆர் வெட்டினது?"

"நாங்கதாங்க சார். ரெண்டு நாளா வெட்டுனோம்" என்றாள் அவள், பெருமையோடு.

குகநேசன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மின்சாரத்துக்காக மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டு போகப்போகிறார்களாம். அதற்கு முதல் துளை இந்தப் பள்ளத்தில்தானாம். மூக்கில் கொம்பு வைத்த ஓணான் மாதிரி, வேறெங்கும் இல்லாத உயிர் ஏதாவது இங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார். இருந்தால் துளை அடுத்த மலைக்குப் போகும். இல்லாவிட்டால் இங்கேயே போடுவார்கள்.

"போட்டா எங்க தண்ணி, சார்?"

"ஊத்து வத்தக்கூடும், அம்மா. ஒரு செடியும் தொடவேண்டாம் எண்டு மூண்டு கிழமைக்கு முதலே தோட்டத்துக்குக் கடிதம் போட்டனாங்கள்."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. தொரைக்குத் தெரியும். குடைகிற கம்பனி தோட்டத்துக்குப் புது ரோட்டுப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். தொரை தன் கையால் ஒரு இலையைக் கிள்ளவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களையே வைத்து வழித்தெடுத்துவிட்டார்!

சாயங்காலம் வரை தேடினார்கள். சரிவெல்லாம் அவளே முழங்காலில் ஊர்ந்து தேடினாள். ஒரு ஓணான்கூட அகப்படவில்லை.

"ஏழெட்டு இருந்திச்சு சார். மூக்குல கொம்போட. நான்தான் தூக்கிப் போட்டேன். எழுதிக்கிங்க."

"நான் கண்ணால காணாததை எழுத ஏலாது. எனக்கு இந்த ஒரு நாள்தான் தந்தவை."

"அப்ப நான் சொல்றத எழுதுங்க. வெட்டுனது நானு. வெட்டச் சொன்னது தொர. என்னா நாளுன்னும் போடுங்க, கையெழுத்து வக்கிறேன்."

"ஏய், ஒனக்குப் பைத்தியமா?" கங்காணி பதறிப்போனார். "நாளைக்கு வேலைக்கு ஒனக்குப் பேரு விழாது, பாத்துக்க!"

"விழாட்டிப் போகுது கங்காணியாரே. ஒங்க வீட்டுக்கும் இதே தண்ணிதான?"

குகநேசன் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அவள் குந்தி உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அன்றிலிருந்து பதினொரு நாள் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. யாரிடமும் போய்க் கெஞ்சாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

நாலு மாதம் கழித்துத் துளை போடும் இயந்திரம் ஊத்துக்காட்டுக்குள் இறங்கியது. அன்று குகநேசனும் வந்திருந்தார். திரும்பிப் போக பஸ்ஸுக்கு நின்றவரை நாகலெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னத என்னா சார் பண்ணுனாங்க?"

அவர் பையிலிருந்து இங்கிலீஷ் அறிக்கையை எடுத்து, அதைப் பற்றி அதில் இருந்த ஒரே வரியைத் தமிழில் சொன்னார். தோட்டத்து மக்கள் காடு வெட்டியதால் இந்த இடம் ஏற்கெனவே அழிந்துவிட்டது, ஆகவே துளை போடுவதால் புதிதாகக் கெடுவதற்கு எதுவும் இல்லை.

"வெட்டுனவங்க இருக்கோம். வெட்டச் சொன்னவரு எங்க சார்?"

"நான் அப்பிடி எழுதேல்லை. மேல மாத்திப்போட்டினம்."

"அப்ப அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனது என்னா, அவங்க மாத்துனது என்னா. கீழ ஒங்க கையெழுத்து. நான் தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ, எங்கயாச்சும் கொண்டு போறேன்."

குகநேசன் ரோட்டைப் பார்த்தார்.

"என்ர வேலை போயிடும், அம்மா."

"எனக்கு மட்டும் வேல இல்லியா சார்? நான் வச்சேன்ல கையெழுத்து?"

பஸ் வந்தது. குகநேசன் ஏறி, அவள் நின்ற பக்கம் பார்க்காமல் மறுபக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.