கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

விஜயலட்சுமி அக்காவின் செய்தி வந்தபோது நான் ஒரு கிரயப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். “தனுஷா, வண்டிக்கு அடியில தூங்குறவரு எந்தப் பக்கத்துல வராரு? ரெண்டு தபா படிச்சிட்டேன். கண்ணுலயே படல.” படித்துவிட்டு மூடியைத் திறந்தபடியே பொத்தானை அழுத்திவிட்டேன். வெளிச்சம் கடையின் கூரையைத் தடவிக்கொண்டு போனது. கன்னங்கரேலென்று ஒரு தாள் வெளியே வந்து விழுந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘பன்னிரண்டு’. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை பக்கத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் பத்தொன்பது பேர். ஜனவரியில் ஒவ்வொருவரும் ‘இந்த மாதிரிப் புத்தகம் என்னால் படிக்க முடியாது’ என்று எழுதிப் போட வேண்டும். அந்த வருடம் அதிலிருந்துதான் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு புத்தகம் மற்றவர்கள் நமக்குத் தேர்ந்தெடுப்பார்கள். நாம் முடித்த பிரதி பிறகு கேட்கிறவர்களிடம் சுற்றும். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அடுத்த ஊர்க்காரர் நிறுத்தத்தில் வந்து வாங்கிக்கொள்வார். முடித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கத்தில் பேரும் தேதியும் போட்டு ‘முடித்தேன்’ என்று எழுத வேண்டும். யாரும் கேள்வி கேட்டுச் சோதிப்பதில்லை. அந்த ஒரு சொல்லை நம்புவதுதான் எங்கள் குழு.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே குடியிருந்தவள். பனி மூடிய ரயில் நிலையங்கள், கணப்புக்கு அருகே படிக்கப்படும் கடிதங்கள், பெயரை உச்சரிக்கவே பழக வேண்டிய மனிதர்கள். வடக்கனந்தலில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் மழை பெய்தால்கூட அதை வேறொரு ஊரின் மழையாக நினைத்துக்கொண்டு கேட்பேன். ஜனவரியில் நான் எழுதிப் போட்ட பட்டியலின் முதல் வரி, ‘ரிட்டயர் ஆனவர்கள் எழுதும் தன்வரலாறு’. குழுவை நடத்தும் தங்கதுரை அண்ணன் உளுந்தூர்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். என் பட்டியலை மறக்காமல் வைத்திருந்து நவம்பரில் ஒரு புத்தகத்தை அனுப்பினார். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் எடைமேடையில் வேலை பார்த்த சுப்புராயன் என்பவர், தானே அச்சடித்த நூற்று அறுபது பக்கம். “உனுக்குன்னே எழுதுன மாரி கீதுமா. பனி கெடையாது, ரயிலு கெடையாது. கரும்பு மட்டுந்தான்” என்று குரல் செய்தியில் சிரித்தார்.

முப்பத்து நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எடை எவ்வளவு, மேடையில் என்ன பழுது என்று போய்க்கொண்டே இருந்தது. அதுவரை பத்து மாதமும் பத்துப் புத்தகமும் முடித்திருந்தவள் நான் ஒருத்திதான். மாதக் கடைசியும் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘தனுஷா, முடித்தேன்’ என்று எழுதினேன். பிறகு விமர்சனம் எழுத உட்கார்ந்தேன்.

அது தன்னால் வந்தது. ஆலை வாசலில் கரும்பு வண்டிகளின் வரிசை. உச்சி வெயில். ஒரு வண்டிக்காரர் தன் வண்டிக்கு அடியில், நிழலில், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார். முன்னால் வரிசை நகர்கிறது. பழகிய மாடுகள் தாமாகவே நகர்கின்றன. வண்டி அவரைத் தாண்டிப் போய்விடுகிறது, நிழலும் கூடவே போய்விடுகிறது. பின்னால் வருகிற வண்டிகள் ஒவ்வொன்றும் அவரை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகின்றன. இந்தப் புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்று முடித்தேன். பதினான்கு பேர் இதயம் போட்டார்கள். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் ஐயாவையே ஆன்லைனில் பேச வைக்கிறேன், அந்த இடத்தைப் பற்றி தனுஷாதான் கேட்க வேண்டும் என்று தங்கதுரை அண்ணன் அறிவித்தார்.

அப்படி ஓர் இடம் அந்த முப்பத்து நாலு பக்கத்தில் இல்லை. அது கரும்பு வண்டி ஓட்டிய என் அப்பாவுக்கு நடந்தது. நான் ஏழாவது படிக்கும்போது சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னார். எழுதும்போது எனக்கு அவர் நினைவு வரவில்லை என்பதுதான் வெட்கம். எங்கோ தூரதேசத்து நாவலில் படித்தது போலத்தான் இருந்தது.

“நடுவுல எங்கியோ வரும்க்கா” என்று கடையிலிருந்தே அக்காவுக்குப் பதில் அனுப்பினேன்.

விஜயலட்சுமி அக்கா வெள்ளிமலைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். என் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததாகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியவர். நேரில் பார்த்ததில்லை. படமாக ஒரு செம்பருத்தியை வைத்திருப்பார். திங்கட்கிழமை மறுபடி எழுதினார். “மூணாவது தபாவும் பாத்துட்டேன். கெடைக்கல.” அவ்வளவுதான். பாதை இல்லாத ஊர்களுக்கெல்லாம் மருந்துப் பெட்டியோடு நடந்துவிட்டு வந்து, நான் போட்ட பொய்யை ஒருவர் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். புதன்கிழமை தடுப்பூசி நாள், இங்கேயே இருப்பேன் என்றார்.

கடையில் லீவு சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். அடுத்த வளைவில் அது கலைந்தது. துணை சுகாதார நிலையத்தின் முன்னால் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். மூக்கில் கண்ணாடி சரிந்திருந்தது. ஒரு குழந்தையின் எடையைப் பார்த்துக் கார்டில் குறித்துக்கொண்டிருந்தார். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன்.

“அந்த எடம் புக்குலயே இல்லக்கா. நான் முப்பத்தி நாலு பக்கந்தான் படிச்சேன். அது எங்க அப்பாவுக்கு நடந்தது.”

அவர் பேனாவைக் கார்டின் மேலேயே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நெஜமாவே இல்லியா?”

“இல்லக்கா.”

“எங்க அம்மாவுக்கு அம்பது வயசுல மறதி வந்துச்சி. மொதல்ல சாவி, அப்புறம் பேரு, கடைசில நானே யாருன்னு தெரியல. எனுக்கு இப்ப நாப்பத்தெட்டு. மூணு தபா படிச்சும் நிக்கலயேன்னு, ஒரு வாரமா மருந்து பாட்டில ரெண்டு ரெண்டு தபா எண்ணிக்கினு கீறேன்.” கண்ணாடியை மாட்டினார். “அப்ப என் தல நல்லாத்தான் கீது.”

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார், ஆனால் அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. வரிசையில் இருந்த ஒரு பெண், ஊசி போடுவதற்கு முன்னாலேயே அழுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மேசை இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் நீட்டினார். “அடி அத.” அடித்தேன். என் பெயருக்குக் கீழே அவருடைய பெயர் இருந்தது. பக்கத்தில் மூன்று தேதிகள்.

“குரூப்புல நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுந்துட்டு இன்னா பண்ணாரு உங்க அப்பா?” என்று கேட்டார்.

தெரியவில்லை. அதை நான் கேட்டதே இல்லை.

“இன்னா புள்ளமா நீ” என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

புத்தகத்தோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நாலு வரி எழுதிக் குழுவில் போட்டேன். சிக்னல் இல்லை. ஓரத்தில் சின்னக் கடிகாரம் காட்டிக்கொண்டு செய்தி அங்கேயே நின்றது. என்ன சொல்வார்களோ தெரியாது. இருந்தாலும் இரண்டு நாள் கழித்து எனக்குப் பசித்தது. பஸ் நாலு மணிக்குத்தான். முப்பத்தைந்தாவது பக்கத்தைத் திறந்தேன்.

ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டே வந்தது. அதன் அம்மா தோளில் போட்டுத் தட்டினாள், நடந்தாள், மரக்கிளையை ஆட்டிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அத வாயத் தொறந்துதான் படியேன். புதுக் கொரலு கேட்டா இது கம்முனு கெடக்கும்” என்றாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. மெதுவாக ஆரம்பித்தேன்.

“அன்று முதல் வண்டி காலை ஐந்து நாற்பதுக்கு மேடை ஏறியது. மாடு இரண்டும் வெள்ளை. இடது சக்கரத்தில் சத்தம் இருந்தது. இரண்டாவது வண்டி ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. லேசான தூறல். மூன்றாவது வண்டிக்காரர் எடை போட்டபின் போகாமல் நின்றார்.”

மூச்சு வாங்க நிறுத்தினேன். குழந்தை அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு, வாய் திறந்தபடியே என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு விழாமல் நின்றிருந்தது. அந்தப் பெண்ணும் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“ஏன் நின்னாரு?” என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.