காணாமல் போன ஒரு மீட்டர்

1967-இல் வேதவல்லி ஹனோவரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். பழைய வீடு ஒன்றை அளந்து வரைபடம் தர வேண்டும் என்பது அந்தப் பருவத்துப் பாடம். மற்றவர்கள் தேவாலயம், மணிக்கூண்டு என்று போக, அவள் நகரத்துக்கு வெளியே இருந்த பிரேடாவ் மாளிகையைப் பிடித்தாள். இங்கிலாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு ஜெர்மன் சீமான், மனைவி ஊர் ஏக்கத்தில் வாடாமல் இருக்க, அந்த ஊர்க் கிராமத்து மாளிகைகளைப் போலவே எழுப்பிய வீடு அது. செங்கல் சுவர், உயர உயரமான புகைபோக்கிகள், சின்னச் சின்னக் கண்ணாடிகள் பதித்த ஜன்னல்கள்.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கக் கோபாலன் வந்திருந்தான். இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். வேலை முடிந்தால் அவள் கையால் சாம்பார் கிடைக்கும் என்று நம்பி வந்தவன்.

கணக்கு இடித்தது. வெளிச்சுவர் முப்பத்தொரு மீட்டர். உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் ஒரு மீட்டர் குறைந்தது.

“டேப்பை இழுத்துப் பிடிச்சீங்களா, கோபாலன்?”

“மூணு தடவை அளந்தாச்சுங்க. என் ரீடிங் கரெக்ட். வீடுதான் பொய் சொல்லுது.”

வேதவல்லி சாப்பாட்டு அறையின் மரப்பலகைச் சுவரைத் தட்டினாள். வெறும் பானை போல ஒலித்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரைத் தேடிப் போய்க் கேட்டாள்.

அவர் பெயர் எபர்ஹார்ட். கட்டியவரின் மகன், அறுபத்தாறு வயது. “பரிமாறுகிறவர்கள் வரும் கதவு ஒன்று அங்கே இருந்தது. போருக்குப் பிறகு அடைத்துவிட்டோம். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை, அம்மணி.”

மாவுக் கையோடு நின்றிருந்த வயதான சமையற்காரி ஹெட்விக் சமையலறைக்குப் போனாள். விளக்குமாறு வைக்கும் அலமாரியைத் திறந்து பின்பலகையைத் தள்ளினாள். உள்ளே, தோள் உரசும் அகலத்தில் ஒரு நடை இருட்டில் நீண்டு போயிற்று.

வேலைக்காரர்கள் எஜமானர் கண்ணில் படாமல் நடமாட இப்படித்தான் கட்டுவார்கள் என்று வேதவல்லி வகுப்பில் கேட்டிருந்தாள். ஆனால் பாதி வழியில், கண் உயரத்தில், காசு அளவில் ஒரு துளை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜை முழுசாகத் தெரிந்தது.

“எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சான்னு பார்க்கத்தான்” என்றாள் ஹெட்விக்.

எபர்ஹார்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். துளையில் கண் வைத்து வெகுநேரம் நின்றார். “இங்கே பேச்சும் கேட்குமா?”

“எல்லாமே கேட்கும் ஐயா. உங்க கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்காத அன்னைக்கு, தட்டெடுக்க இங்கேதான் காத்துட்டு நின்னேன்.”

அவர் மெல்லத் திரும்பினார். “நான் கோபித்துக்கொண்டு எழுந்து போன பிறகு, அப்பா என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. நீங்க திரும்பி வருவீங்கன்னு உங்க சூப்பை மட்டும் எடுக்க விடலை. ராத்திரி வரைக்கும் அப்படியே இருந்தது.”

எபர்ஹார்ட் மறுபடியும் துளையில் கண் வைத்தார். நாற்பது வருஷங்களாக அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. கோபாலன் அளவு நாடாவைச் சுருட்டாமல் நின்றான்.

சற்றுப் பொறுத்து வேதவல்லி பென்சிலை எடுத்தாள். “இந்த நடைக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?” என்று ஹெட்விக்கைக் கேட்டாள்.

“எலிப்பாதை.”

வேதவல்லி வரைபடத்தில் அப்படியே எழுதினாள். பேராசிரியர் அதைப் பார்த்து, இது கட்டடக்கலைச் சொல்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.