கறுப்பு சைக்கிளும் மதிய இடைவேளையும்

மதிய இடைவேளை ஒரு மணி நேரம்தான். பிரஸ்டன் நகரமன்ற அலுவலகத்திலிருந்து ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதிலேயே அதில் பெரும்பகுதி தொலைந்துவிடும். மிச்சத்தைத்தான் கிளைவ் பாஸ்கோ தன் மனைவி நோரீனின் கட்டிலருகே செலவழித்தான். இனி வீடு திரும்பப்போவதில்லை என்று ஆனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அவளுக்கு மத்தியானம்தான் தெளிவு. சாயங்காலம் அவன் போகும்போது மருந்து அவளை அமுக்கியிருக்கும், தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காரில் போனால் என்ன என்று கேட்கிறவர்கள், மெல்பர்னில் பட்டப்பகலில் டிராமுக்குப் பின்னால் ஒருமுறை கார் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

கிளைவின் சைக்கிள் கனத்த இரும்பு. முன்னால் கூடை, பின்னால் கேரியர், தடித்த டயர். பக்கத்து மேஜை கோரானுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"மச்சான், இன்னும் எத்தன நாளைக்கு அந்த டிராக்டர உருட்டிக்கிட்டுப் போவ? என்னோட கறுப்பு வண்டிய எடுத்துக்கோ. கார்பன்டா, ஒத்தக் கையால தூக்கலாம். ஆனா ஒண்ணு, முன்சக்கரத்தக் கழட்டி ஃப்ரேமோட சேத்துப் பூட்டணும். லைட்ட எல்லாம் கையோட எடுத்துட்டுப் போயிடணும். இந்த ஊர்ல கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள சக்கரம் நடந்து போயிடும்."

மெர்ரி ஓடையோர சைக்கிள் பாதையில் கறுப்பு வண்டி பறந்தது என்பது உண்மை. ஆனால் ரோட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவனைப் பிடித்து நிறுத்தியது. பின்னால் விட்டுவிட்டு வந்த துருப்பிடித்த சைக்கிள்காரர்கள் ஆடி அசைந்து வந்து, அதே விளக்கில் அவனுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூடையில் முட்டைக்கோஸ் வைத்திருந்த ஒரு அம்மாள் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அப்படியும் மிஞ்சிய நாலைந்து நிமிஷத்தை ஆஸ்பத்திரி வாசல் விழுங்கியது. சக்கரத்தைக் கழற்ற வேண்டும், சங்கிலி கோக்க வேண்டும். ஷூவையும் மாற்ற வேண்டும். பெடலில் மாட்டிக்கொள்ளும் அந்த அடியில் இரும்பு வைத்த ஷூவோடு வழவழப்பான தரையில் நடந்தால் பல் போய்விடும்.

நோரீன் அத்தனையையும் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவாள்.

"என்னமா துடைச்சுப் பூட்டுற! கல்யாணத்தன்னிக்கி என் கையக்கூட நீ இவ்வளவு பக்குவமாப் புடிக்கல. பழசுன்னா வேலியில சாச்சிட்டு ஓடி வந்துருவ."

"இரவல் வண்டி நோரீன். தொலஞ்சா கோரான் என்ன உயிரோட விடமாட்டான். ஆனா வேகமா வந்தேன்ல?"

"வழியில வேகம், வாசல்ல நத்தை."

அவனும் சேர்ந்து சிரித்தான். உள்ளுக்குள் சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் கணக்கு என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் மறுநாளும் கறுப்பு சைக்கிளைத்தான் எடுத்தான். அவளுடைய நோயை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சைக்கிளை மாற்ற முடிந்தது. கையாலாகாதவனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

வசந்தம் பிறந்த ஒரு வியாழக்கிழமை, இடைவேளைக்கு முன்பே நர்ஸ் செஃபினாவின் போன் வந்தது.

"கிளைவ், உடனே கிளம்பி வாங்க."

அவன் மிதித்த மிதி கொஞ்சநஞ்சமில்லை. ஓடையோரம் கூடு காக்கும் மேக்பை பறவை ஒன்று இரண்டு தடவை பாய்ந்து ஹெல்மெட்டைக் கொத்தியது. தலையைக்கூடக் குனியவில்லை. அன்றைக்கென்று விளக்குகளும் பச்சையாக இருந்தன. அவ்வளவு சீக்கிரமாக அவன் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

வாசலில் இறங்கியதும் கைகள் தம் பாட்டுக்கு வேலையைத் தொடங்கின. முன்சக்கரத்தைக் கழற்றின, சங்கிலியைக் கோத்தன, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தன, லைட்டுகளைப் பையில் போட்டன. படியில் உட்கார்ந்து ஷூவையும் மாற்றிக்கொண்டான். மனசு மட்டும் எப்போதோ மாடிக்குப் போய்விட்டிருந்தது.

மாடியில் செஃபினா அறை வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கிளைவ். இந்த நிமிஷந்தான் போனாங்க."

அவனுக்கு ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"என்னக் கேட்டாளா?"

செஃபினாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நீங்க வந்து இறங்குனத ஜன்னல்லேர்ந்து பாத்தேன். 'வந்துட்டாரு, கீழதான் நிக்கிறாரு'ன்னு சொன்னேன். 'எந்த சைக்கிள்ல?'ன்னு கேட்டாங்க. கறுப்புன்னேன். சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"'அப்போ இன்னும் நேரமாகும்'னு சொல்லிட்டு, கண்ண மூடிக்கிட்டாங்க."