முட்டு எடுத்த சப்பரம்

போவே கோயில் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். கேட்டால்தானே.

மாதா திருநாளுக்குச் சப்பரம் செய்கிற வேலையை அமெரிக்காவில் எங்கள் சுகர் லேண்ட் ஊர்த் தமிழ்க் கத்தோலிக்கர்கள் என் கணவர் தேவதாஸிடம் விட்டிருந்தார்கள். மனுஷன் கிட்னி டாக்டர். பிரான்ஸில் போவே என்ற ஊரில் இடைக்காலத்தில் எழுப்பிய பேராலயத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார். கோத்திக் கோயில்களிலேயே உயரமான கூரை அதற்குத்தானாம். அந்தக் கூரை கட்டிய சில வருஷங்களில் இடிந்து விழுந்ததும், தூண்களைக் கூட்டித் திரும்பக் கட்டியதும் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கூர்வளைவுக் கூரை தன் பாரத்தால் சுவர்களை வெளியே தள்ளும். சுவர் முழுக்க ஜன்னல், அதற்குத் தெம்பு கிடையாது. அதனால்தான் கோத்திக் கோயில்களுக்கு வெளியிலிருந்து சாய்வாகக் கல் முட்டு. எங்கள் சப்பரத்துக்கும் மரத்தில் முட்டுகள் அறுத்து நானே வைத்தேன். ஏனென்றால் கூரையை இவர் பிளாஸ்டரில் கனமாக வார்த்துத் தொலைத்திருந்தார்.

திருநாளன்று ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பார்க்கிங் லாட்டில் பவனி கிளம்பிவிட்டது. சப்பரத்தில் ஒரு முட்டுகூடக் காணோம்.

"ஏங்க, முட்டெல்லாம் எங்க?"

"விழப்போற வீட்டுக்கு முட்டுக் குடுத்த மாதிரி இருக்கு, மாதாவை இதுலயா வைப்பீங்கன்னு பவளம் ஆன்ட்டி கேட்டுட்டாங்க. எல்லாரும் ஆமான்னாங்க. ரிமூவ் பண்ணிட்டேன். இப்ப நீட்டா இருக்குல்ல?"

வேண்டிக்கொண்ட குடும்பத்தார் ஆளுக்கொரு ரோஜா மாலையைக் கூரைமேல் சாத்திக்கொண்டே வந்தார்கள். வலப்பக்கச் சுவரை ஒட்டி, தோளில் தண்டோடு நடந்தவள் எங்கள் மகள் ஜெஸ்மி. அவள் தலைக்கு மேலே கூரையின் உச்சியில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இறக்குங்க! கீழ இறக்குங்க!" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

"ஸ்டாண்ட் கோயில் வாசல்ல இருக்கு லீலா. நடுவுல எப்படி இறக்குறது?" என்றார் இவர்.

பாய்ந்துபோய் இரண்டு கையாலும் சுவரை உள்ளே தள்ளினேன். சப்பரம் மொத்தமாக இடப்பக்கம் சாய்ந்தது.

"ஏங்க! அந்தப் பக்கம் போய்த் தள்ளுங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். விரிசலைக் கண்டதும் அந்தப் பக்கம் ஓடினார்.

பவளம் ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து, "என்ன வேண்டுதல், லீலா?" என்றார்.

வந்த கோபத்துக்கு என்னென்னவோ சொல்லியிருப்பேன். "எம் பொண்ணுக்காகத்தான் ஆன்ட்டி. நீங்களும் தள்ளுங்க."

அவரும் கையை வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். அப்படியே நடந்தோம். பிளாஸ்டர் தூள் ஜெஸ்மியின் தலைமுடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. வாசல் கிட்டே வரவே மாட்டேன் என்றது.

ஒருவழியாக ஸ்டாண்டில் இறக்கினார்கள். "ஜெஸ்மி, தள்ளிப் போடி!"

"ஐ'ம் ஃபைன், மா."

"போடீன்னா!"

போனாள். தூக்கியவர்களும் விலகினார்கள். பவளம் ஆன்ட்டியையும் மற்றப் பெண்களையும் போகச் சொன்னேன். நானும் எதிர்ப்பக்கம் என் கணவரும்தான் மிச்சம். ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் வந்தது.

"அவ போயிட்டாளா?"

"போயிட்டா. விடுங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"சரி" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.