துல்லியமாக மூன்று மணி

வடக்கனந்தலில் யாருக்காவது இங்கிலீஷில் மனு எழுத வேண்டுமென்றால் செபாஸ்தியான் சாரிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். காசு வாங்க மாட்டார். பாராட்டு மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்வார்.

கரியாலூர் மலைப்பாதையில் ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனதில் கொளஞ்சியப்பனுக்கு ஒரு கால் போயிற்று. விழுந்த நிலையிலும் லாரி நம்பரைப் பார்த்துவிட்டார். இன்சூரன்ஸ் மனு எழுத அவர் மனைவி பெரியநாயகி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

"இடிச்சப்ப எத்தினி மணி இருக்குங்க?"

"ரெண்டரை, மூணு இருக்கும் சார். மழை இருட்டிக்கினு இருந்திச்சி. கையில வாட்ச் இல்ல."

செபாஸ்தியான் 'ப்ரிசைஸ்லி' மூன்று மணி என்று எழுதினார். ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லை என்று அடித்துச் சொல்கிற வார்த்தை அது. தெரிந்தால் மட்டுமே போட வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவார். ஆனாலும் 'சுமாராக' என்று எழுதினால் மனு சப்பென்று ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று இருபதுக்கு அந்த லாரி அடிவாரத்து ஆலையில் எடை போட்டதற்குச் சீட்டு இருக்கிறதாம். இருபது நிமிடத்தில் மலையிறங்க முடியாது, ஆகவே இடித்தது வேறு லாரி என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"நேரம் ஒத்துவரலையாம்மா" என்று மட்டும் சொல்லிப் பெரியநாயகியை அனுப்பினார் செபாஸ்தியான். 'ப்ரிசைஸ்லி' என்ற அந்த வெட்கங்கெட்ட வார்த்தை ஒரு மாதம் அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டுக்கே போனார்.

"இவருதான் தப்பா சொல்லிட்டாரு சார்" என்றாள் பெரியநாயகி. "நம்பரையும் கனவுல கண்டாரோ இன்னாவோ. இப்பல்லாம் இன்னா கேட்டாலும் தெரியலன்றாரு."

கொளஞ்சியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அவரு சரியாத்தாம்மா சொன்னாரு. ரெண்டரை மூணுன்னாரு. மூணேதான்னு நான்தான் எழுதிட்டேன். ரெண்டரைக்கு இடிச்சிருந்தா லாரி தாராளமா எறங்கியிருக்கும். எம்மேலதான் தப்பு. மறுபடியும் எழுதித் தரேன். என் தப்புன்னே எழுதறேன்."

"ஏன் சார் அப்பிடி எழுதுனீங்க?"

எழுத்து அழகாக இருக்கட்டும் என்றுதான். ஒரு கால் போனவருக்கு முன்னால் அதைச் சொல்லாமல் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தார்.

கொளஞ்சியப்பன் மெல்லத் திரும்பினார்.

"அப்ப நான் பாத்த நம்பரு?"

"நீங்க பாத்ததுதாங்க."

அவர் பெரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

"எனக்குப் புத்தி கலங்கிப்போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்."